மடிக்கணினியின் உள்ளுறுப்புகள் வந்த வழி

மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1960-ஆம் ஆண்டு ஒரு மின்னணுக் கணிப்பொறி முழு அளவில் இயங்கத் தொடங்கியது. நம் நாட்டவர் தாமே திட்டமிட்டுக் கட்டிய கணிப்பொறிகளுள் அது முன்னோடி. 1962-இல் பிரதமர் ஜவாஹர்லால் நேரு அதற்கு 'டிஃப்ராக்' என்று பெயர் சூட்டினார். அதனுள் 2,700 வெற்றிடக் குழாய்கள் இருந்தன, ஜெர்மேனியத்தாலான டையோடுகள் 1,700, மின்தடைகள் 12,500. அக்காலத்து வானொலிப் பெட்டியின் பின்பலகையைக் கழற்றிப் பார்த்த நேயர்களுக்கு வெற்றிடக் குழாய் இன்னதென்று சொல்ல வேண்டியதில்லை. சிறு விளக்கைப் போல ஒளிர்ந்து, கையை அருகே கொண்டு சென்றால் சுடும் பொருள் அது. ஐந்தாறு குழாய்கள் கொண்ட வானொலிப் பெட்டியே கூடத்தில் ஒரு மூலையை அடைத்துக்கொண்டது. 2,700 குழாய்களுக்கு ஓர் அறையே தேவைப்பட்டதில் வியப்பில்லை.

அந்தக் கணிப்பொறியின் வழித்தோன்றல் ஒன்று இன்று ஒன்றரைக் கிலோகிராம் எடையில், அலுவலகத்துக் கோப்புகளுக்கு நடுவே கோப்போடு கோப்பாகக் கிடக்கிறது. டிஃப்ராக்கின் நினைவகம், நாற்பது இரும இலக்கங்கள் கொண்ட 'சொற்கள்' 2,048 மட்டுமே கொள்ளும். எட்டு ஜிகாபைட் நினைவகமுள்ள சாதாரண மடிக்கணினி அதைப்போல் எட்டு லட்சம் மடங்குக்கு மேல் கொள்ளும். இவ்வகை ஒப்பீடுகளைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு எழுந்து போய்விடலாம். எனக்கோ அந்தப் பெருக்கத்தைக் காட்டிலும் வேறொன்று வியப்பளிக்கிறது. மடிக்கணினியின் அடித்தகட்டைக் கழற்றினால் உள்ளே தென்படும் உறுப்புகளில் ஏறக்குறைய எதுவுமே மடிக்கணினிக்காகப் பிறந்ததன்று. ஒன்று மேசைக் கணக்கிக்காகப் பிறந்தது; ஒன்று வானொலிப் பெட்டிக்காக; ஒன்று விண்வெளிக் கலத்துக்காக; இன்னொன்று கையடக்க வீடியோக் காமிராவின் வழியாக வந்து சேர்ந்தது. காரட் கிழங்கிலிருந்து எடுத்த பொருளை ஆராய்ந்த ஒரு தாவரவியல் அறிஞரின் சோதனைக் குழாயிலிருந்து வந்ததும் ஒன்று உண்டு. வெவ்வேறு ஊரில் வெவ்வேறு தேவைக்காகத் தோன்றியவை எவ்வாறு ஒரே கூரையின்கீழ்க் குடிபுகுந்தன என்பதைச் சொல்வதே இப்பேச்சின் நோக்கம்.

நான் பொறியியல் பயின்றவன் அல்லன். கலைப்பிரிவில் பட்டம் பெற்று, அரசாங்க ஆவணங்களைத் தமிழாக்குவதைத் தொழிலாகக் கொண்டவன். இப்பொருளில் எனக்கு அக்கறை உண்டானது சொற்களின் வழியாகத்தான். மடிக்கணினி வாங்குவதற்கான ஒப்பந்தப்புள்ளிப் படிவம் மொழிபெயர்ப்புக்கு வருமானால், அதில் 'நினைவகம்' என்று எழுதத் தோன்றும் இடங்கள் பல வரும். அவை யாவும் ஒரே பொருளைக் குறிப்பதில்லை. ஓரிடத்தில் அது மின்சாரம் நின்றவுடன் யாவற்றையும் மறந்துவிடும் உறுப்பு. வேறோரிடத்தில் அது, பெட்டியை மூடி வைத்துச் சில மாதம் கழித்துத் திறந்தாலும் எழுதியதை எழுதியபடியே வைத்திருக்கும் உறுப்பு. கடைக்காரரும் வாங்குபவரும் இரண்டையும் 'மெமரி' என்றே சொல்லிக்கொள்கிறார்கள். பத்தாண்டுக் கடிதங்களும், மகளின் திருமணப் படங்களும், நிலப் பத்திரத்தின் பிரதியும் எந்த உறுப்பில் தங்கியிருக்கின்றன என்பதை அறியாமலே, திரை இருண்டுபோன பெட்டியைப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடுவோர் உண்டு. இருண்டது திரை மட்டுமே. உள்ளிருந்தவை நலமாகவே இருந்திருக்கும். ஆகையால் உறுப்புகளை இனம் பிரித்தறிவதற்குப் பொழுதுபோக்கினும் மேலான பயன் உண்டு.

முதலில் கூரையைப் பார்ப்போம். 1981-ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவில் 'ஆஸ்போர்ன் 1' என்ற கணிப்பொறி வெளிவந்தது. கையில் எடுத்துச் செல்லத்தக்கது என்று விளம்பரம் செய்யப்பட்ட அதன் எடை ஏறக்குறைய 11 கிலோகிராம். தையல் யந்திரத்தை அதன் மரமூடியோடு தூக்கிக்கொண்டு ரயில் ஏறுவதை ஒத்த காரியம் அது. ஐந்தங்குலக் கண்ணாடிக் குழாய்த் திரை கொண்ட அந்தப் பெட்டிக்குள் மின்கலம் கிடையாது. போய்ச் சேர்ந்த இடத்தில் சுவரில் மின்செருகி இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு வந்த 'கிரிட் காம்பஸ்' வடிவத்தில் இன்றைய மடிக்கணினியின் நேர் மூதாதை. பில் மாக்ரிட்ஜ் என்ற ஆங்கிலேய வடிவமைப்பாளர், திரையைக் கீலில் பொருத்தி விசைப்பலகையின்மேல் சிப்பியைப் போல மடித்து மூடுமாறு அதை அமைத்தார். உடல் மக்னீசியக் கலவையால் ஆனது. எடை சுமார் 5 கிலோகிராம். விலை 8,150 டாலர். 1983 முதல் அமெரிக்க விண்வெளி ஓடத்திலும் அது பயணம் செய்தது. ஆயினும் அதிலும் மின்கலம் இல்லை. சுவரை விட்டு அகல மாட்டாத யந்திரத்தை மடிக்கணினி என்று அழைக்கலாமா என்று சிலர் வாதிடுவதுண்டு. என் கருத்தில், பெயர் வடிவத்துக்கு உரியது; வடிவம் அதனுடையதே.

இதே காலத்தில் ஜப்பானில் வேறு வழியில் முயன்றார்கள். எப்சன் நிறுவனத்தின் 'எச்.எக்ஸ்-20' ஏறக்குறைய 1.6 கிலோகிராம் எடையுடையது. ஒருமுறை மின்னேற்றினால் ஐம்பது மணி நேரம் வரை உழைத்தது. இன்றுகூட அவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் மடிக்கணினி அரிது. ஆனால் அதன் திரையில் வரிக்கு இருபது எழுத்தாக நான்கே வரிகள்தாம் தெரியும். நிறையக் காட்டிய யந்திரம் சுவரோடு கட்டுண்டு கிடந்தது. சுவரை விட்டு விலகிய யந்திரம் நான்கு வரிக்கு மேல் காட்டவில்லை. 1985-இல் தொஷிபா நிறுவனத்தின் 'டி1100' ஐரோப்பியச் சந்தையில் வந்தபோதுதான் இரு வழிகளும் ஒன்று சேர்ந்தன. நாலு கிலோகிராம் எடையுடைய அந்தக் கணிப்பொறி மின்னேற்றத்தக்க கலத்தில் இயங்கியது. மேசைக் கணிப்பொறிக்கு எழுதிய நிரல்களையும் ஓட்டியது.

சிக்கல் எங்கே இருந்தது என்பது இதிலிருந்து விளங்கும். சுவரை விட்டு விலகிய யந்திரத்துக்கு மின்சாரம் என்பது வழிப்போக்கன் மடியில் முடிந்து வைத்த காசு. தீர்ந்துவிட்டால் வழியில் கேட்டுப் பெற ஆளில்லை. ஆகவே உள்ளே வரும் ஒவ்வோர் உறுப்பும், 'நீ எவ்வளவு மின்சாரம் செலவழிப்பாய்?' என்ற கேள்விக்கு விடை சொல்லிவிட்டே வர வேண்டியிருந்தது. வேகத்திலும் திறத்திலும் சிறந்து விளங்கியும் அந்த வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவை உண்டு. கண்ணாடிக் குழாய்த் திரை அவற்றுள் ஒன்று.

உறுப்புகளைத் தாங்கும் பலகையிலிருந்து தொடங்குவோம். 'மதர்போர்டு' என்று சொல்லப்படும் இந்தத் தாய்ப்பலகையின் பிறப்பில் வானொலிக்குப் பங்குண்டு என்பதை வானொலிப் பேச்சில் சொல்லாமல் விட முடியாது. வியன்னா நகரில் பிறந்து லண்டனில் குடியேறிய பால் ஐஸ்லர் என்ற பொறியாளர், 1936-இல் ஒரு வானொலிப் பெட்டியின் கம்பிகளுக்குப் பதிலாக, மின்கடத்தாப் பலகையின்மேல் செப்புக் கோடுகளை அச்சிட்டதுபோல் பதித்து அதை இயக்கிக் காட்டினார். அதுவரை வானொலிப் பெட்டிக்குள் கம்பிகளைக் கையால் ஒவ்வொன்றாகப் பற்றவைத்து வந்தார்கள். அச்சுத் தொழிலிலிருந்து கடன் வாங்கிய இந்த உத்தியை முதலில் எவரும் பெரிதாக மதிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் பீரங்கிக் குண்டுகளுக்கான வெடிமுனைகளில் அச்சிட்ட மின்சுற்று பயன்பட்ட பின்பே அதற்கு மரியாதை வந்தது. இன்றைய மடிக்கணினியின் பலகை பல அடுக்குகளாலானது; ஒவ்வோர் அடுக்கிலும் செப்புக் கோடுகள் ஊடும் பாவும்போல் ஓடுகின்றன.

அப்பலகையின் நடுவே, உலோகத் தகடு போர்த்தி அமர்ந்திருப்பது மையச் செயலகம் என்னும் பிராசசர். 'பிசிகாம்' என்ற ஜப்பானிய நிறுவனம் தன்னுடைய மேசைக் கணக்கிக்காக, அமெரிக்காவில் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்த இன்டெல் நிறுவனத்திடம் 1969-இல் சில்லுகள் செய்து தருமாறு கேட்டது. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிச் சில்லு செய்வதற்குப் பதிலாக, நிரலை மாற்றினால் எவ்வேலையையும் செய்யத்தக்க ஒரே சில்லைச் செய்யலாம் என்ற எண்ணம் டெட் ஹாஃப் என்பவருக்குத் தோன்றியது. ஃபெடெரிகோ ஃபாஜின், ஸ்டான் மேஸர், ஜப்பானியப் பொறியாளர் மசத்தோஷி ஷீமா ஆகியோர் அதை உருவாக்கினர். 1971 நவம்பரில் '4004' என்ற எண்ணோடு அது விற்பனைக்கு வந்தது. அதிலிருந்த டிரான்சிஸ்டர்கள் 2,300. டிஃப்ராக்கின் வெற்றிடக் குழாய்களின் எண்ணிக்கையை அடுத்துள்ள எண் அது என்பது தற்செயலான பொருத்தமே. ஆயினும் ஓர் அறை விரல் நகத்தில் அடங்கிய கணத்தை அந்த இரண்டு எண்களும் காட்டிவிடுகின்றன. 2020-இல் மடிக்கணினிக்கென ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட சில்லில் 1,600 கோடி டிரான்சிஸ்டர்கள்.

எண்ணிக்கை பெருகினால் மின்செலவும் அதே வீதத்தில் பெருக வேண்டுமல்லவா? பெருகாமல் தடுத்தது, 1963-இல் ஃப்ராங்க் வான்லாஸ் என்பவர் கண்ட ஒரு சேர்க்கை முறை. ஒன்று திறந்தால் மற்றொன்று மூடிக்கொள்ளும் இரண்டு எதிர்வகை டிரான்சிஸ்டர்களை அவர் இணையாக அமைத்தார். நிலை மாறும் கணத்தில் மட்டும் மின்சாரம் செலவாகும். மாறாது நிற்கும்போது ஏறக்குறையச் செலவே இல்லை. 'சீமாஸ்' எனப்படும் இம்முறை தொடக்கத்தில் வேகம் குறைந்ததென்று மேசைக் கணிப்பொறி செய்தோரால் ஒதுக்கப்பட்டது. ஒரு சிறு கலத்தில் ஓராண்டு ஓட வேண்டிய கைக்கடிகாரத்தைச் செய்தவர்கள்தாம் அதை விரும்பி ஏற்றனர். எச்.எக்ஸ்-20-இலும் டி1100-இலும் இருந்தவை இவ்வகைச் செயலகங்களே. வேலையில்லாத வேளையில் துடிப்பைக் குறைத்துக்கொண்டு உறங்கும் பழக்கத்தை மையச் செயலகம் பிறகு கற்றது. அதற்கென்றே வடிவமைத்த '386 எஸ்.எல்.' 1990-இல் வந்தது.

இனி, சொல்லால் குழப்பம் விளைவிக்கும் இரண்டு நினைவகங்கள். முதலாவதைக் கடைகளில் 'ராம்' என்கிறார்கள். ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் டெனார்ட் 1966-இல் இதன் வழியைக் கண்டார். ஒரு டிரான்சிஸ்டர், அதனோடு மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கும் மிகச் சிறிய மின்தேக்கி ஒன்று. இந்த இணையே ஓர் இலக்கத்தை நினைவில் வைக்கும் இல்லம். ஆனால் அந்த இல்லம் ஓட்டைப் பானை. ஊற்றிய மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே ஒரு வினாடிக்குள் பதினைந்து முறைக்கு மேல் ஒவ்வொரு வரிசையையும் படித்து மீண்டும் நிரப்புகிறார்கள். மின்சாரம் நின்றால் நிரப்புவோர் இல்லை, பானை வறண்டுவிடும். தட்டச்சு செய்துகொண்டிருக்கும் கடிதத்தைச் சேமிக்குமுன் மின்சாரம் போனால் கடிதம் மறைவது இதனால்தான். இப்படிப்பட்ட ஓட்டைப் பானையை ஏன் வைத்திருக்க வேண்டும் என்று கேட்கலாம். அதன் வேகத்துக்கும் மலிவுக்கும் ஈடான வேறொன்று இதுவரை கிடைக்கவில்லை. டெனார்டின் முறையைத் தமிழில் 'தற்காலிக நினைவகம்' என்று எழுதினால் பொருள் விளங்கும் என்பது என் கருத்து. படிவம் எழுதுவோர் ஒப்புக்கொள்வார்களோ, அறியேன்.

இரண்டாவது, மறவாத உறுப்பு. 1956-இல் கலிஃபோர்னியாவிலுள்ள சான் ஹோஸே நகரில் ஐ.பி.எம். உருவாக்கிய முதல் வட்டுச் சேமிப்பகத்தில் 24 அங்குல விட்டமுள்ள ஐம்பது தட்டுகள் சுழன்றன. அது ஐம்பது லட்சம் எழுத்துகளைக் கொண்டது. எடை ஒரு டன்னுக்கு மேல். 1988-இல் 'பிரெய்ரிடெக்' என்ற சிறு நிறுவனம் இரண்டரை அங்குல வட்டைக் கொண்டுவந்தபோதுதான் ஹார்ட் டிஸ்க் மடிக்கணினிக்குள் இயல்பாய் அடங்கியது. அதற்குக் கொள்ளளவு போதியதாய் இருந்தது, பயணம்தான் ஒத்துக்கொள்ளவில்லை. தலைமயிரின் தடிமனில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில், சுழலும் தட்டின்மேல் படிப்புமுனை மிதந்து செல்கிறது. பேருந்தின் ஒரு குலுக்கலில் முனை தட்டைத் தொட்டால், தொட்ட இடத்து எழுத்துகள் தொலைந்தன. மோட்டார் வாகனத்தின் காற்றுப்பையை விரிக்கும் கருவியைப் போல, விழுவதை விழுமுன் உணர்ந்து முனையை ஒதுக்கி வைக்கும் ஏற்பாடு 2003-இல் வந்தது.

அந்த ஏற்பாட்டையே தேவையற்றதாக்கியது, ஜப்பானில் தொஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபூஜியோ மசுவோகாவின் கண்டுபிடிப்பு. மின்கடத்தாச் சுவர்களால் நாற்புறமும் சூழப்பட்ட ஒரு சிறையில் மின்னணுக்களை அடைத்து வைப்பதே அதன் உட்பொருள். மின்சாரம் நின்றாலும் கைதிகள் வெளியேற முடியாது. 1984-இல் அதை அவர் அறிவித்தார். இன்று பெரிதும் பயன்படும் 'நாண்ட்' வகை 1987-இல் வந்தது. ஒரே வீச்சில் பெரும்பகுதியை அழிக்கவல்லதாகையால், காமிராவின் ஒளிவீச்சை நினைந்து அவருடைய சக ஊழியர் ஒருவர் 'ஃப்ளாஷ்' என்ற பெயரைச் சொன்னாராம். சுழலும் பாகம் எதுவும் இல்லாததால் குலுங்கினாலும் கேடில்லை, மின்செலவும் குறைவு. 2007, 2008-ஆம் ஆண்டுகளில் இது ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்துக்கு வரத் தொடங்கியது. இப்போது அதைப் பெரும்பாலும் வெளியேற்றிவிட்டது. ஒன்று மட்டும் நினைவிற்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் சிறைச்சுவர் சிறிது தேய்கிறது. இதற்கும் ஆயுள் உண்டு.

திரையின் கதை இவை எல்லாவற்றிலும் பழமையானது. 1888-இல் ப்ராக் நகரில் ஃப்ரீட்ரிஷ் ரைனிட்ஸர் என்ற தாவரவியல் அறிஞர், காரட் கிழங்கிலிருந்து கிடைத்த கொலஸ்டிரால் சேர்மம் ஒன்றைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். 145.5 டிகிரி வெப்பத்தில் அது உருகிக் கலங்கலான திரவமாயிற்று, 178.5 டிகிரியில் கலங்கல் நீங்கித் தெளிந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலைகளா? திரவம்போல் ஓடியும் படிகம்போல் ஒழுங்குற்றும் நிற்கும் இடைநிலை ஒன்று உண்டென்பது பிறகு தெளிவாயிற்று. அதற்குத் திரவப் படிகம் என்று பெயர். எண்பது ஆண்டுகள் அது ஆராய்ச்சிக்கூடத்து விந்தையாகவே இருந்தது. 1968-இல் அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. நிறுவனம் அதைக் கொண்டு எண்களைக் காட்டியது. 1970-இன் இறுதியில் ஸ்விட்ஜர்லாந்தில் ஷாட், ஹெல்ஃப்ரிஷ் இருவரும் நடைமுறைக்கேற்ற வழியைக் கண்டனர். குச்சி வடிவ மூலக்கூறுகள் இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே முறுக்கிய கயிறுபோல் நிற்கின்றன. அவை ஒளியைத் திருப்பி வெளியே விடுகின்றன. சிறிது மின்னழுத்தம் கொடுத்தால் முறுக்கு அவிழ்கிறது, ஒளி தடைப்படுகிறது. மூலக்கூறைத் திருப்புவது தவிர வேறு வேலை இல்லாததால் மின்செலவு மிகச் சொற்பம். 1973-இல் ஷார்ப் நிறுவனத்தின் சட்டைப்பைக் கணக்கியில் திரவப் படிகத் திரை இடம் பெற்றது. கண்ணாடிக் குழாயால் நுழைய முடியாத வாசலில் அது எளிதாக நுழைந்ததற்கு இதுவே காரணம்.

ஆனால் ஒரு குறை இருந்தது. நேரே அமர்ந்தவருக்குத் தெரிந்த படம் பக்கத்தில் அமர்ந்தவருக்கு வெளிறிப்போயிற்று. இக்குறையைத் தீர்த்த கதையில் பெங்களூர் வருகிறது. சர் சி.வி. ராமன் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில் 1971-இல் திரவப் படிக ஆய்வுக்கூடத்தைத் தொடங்கியவர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர். விண்மீன்களை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர் வேறு, இவர் வேறு. இருவருமே ராமனுக்கு நெருங்கிய உறவினர். குச்சி வடிவ மூலக்கூறுகளே திரவப் படிகமாகும் என்று உலகம் நம்பியிருந்தது. தட்டு வடிவ மூலக்கூறுகளும் நாணயங்களை அடுக்கியதுபோல் அடுக்கி நின்று திரவப் படிகமாகும் என்று 1977-இல் அவரும் அவருடைய சகாக்களும் நிறுவினர். அக்கட்டுரை வெளிவந்தது அயல்நாட்டு ஏட்டில் அன்று. இந்திய விஞ்ஞானக் கழகத்தின் 'பிரமாணா' என்ற நம் நாட்டு ஏட்டில். 1990-களில் ஜப்பானியப் புகைப்படச் சுருள் நிறுவனம் ஒன்று, இவ்வகைத் தட்டு மூலக்கூறுகளைப் பூசிய மெல்லிய படலத்தைத் திரைமேல் ஒட்டிப் பக்கப் பார்வையைச் சீராக்கியது. விற்பனைக்கூடத்து விளம்பரங்களில் இச்செய்தியைக் காண முடியாது. திரவப் படிகம் தானாக ஒளி தருவதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். பின்னாலிருக்கும் விளக்கே ஒளி தருகிறது. மடிக்கணினியில் மின்சாரத்தை மிகுதியாக உண்ணும் உறுப்புகளில் அவ்விளக்கும் ஒன்று.

விசைப்பலகையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 1870-களில் அமெரிக்கத் தட்டச்சுப் பொறிக்கு அமைந்த ஆங்கில எழுத்து வரிசை இன்றும் மாறவில்லை. நம் மொழிகளுக்கென்று 1980-களில் மத்திய அரசு வகுத்த 'இன்ஸ்கிரிப்ட்' வரிசை, தமிழ்நாட்டரசு 1999-இல் ஏற்ற 'தமிழ்99' வரிசை ஆகிய இரண்டும் அதே விசைகளின்மேல் குடியேறியவை.

மின்கலத்துக்கு வருவோம். மற்ற உறுப்புகளுக்கு நிபந்தனை விதித்தது இதுதான். நிக்கல்-காட்மியம் கலம் ஒன்று 1.2 வோல்ட் தரும், எடையோ அதிகம். தனிமங்களுள் மிக இலேசான உலோகமாகிய லித்தியத்தை 1970-களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் கலத்துக்குள் கொண்டுவந்தார். ஆனால் மின்னேற்றும்போது லித்திய உலோகம் ஊசி ஊசியாக வளர்ந்து, எதிர்முனையைத் தொட்டுத் தீப்பற்றியது. 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்எனஃப் கோபால்ட் ஆக்ஸைடு நேர்முனையைக் கண்டு மின்னழுத்தத்தை உயர்த்தினார். 1985-இல் ஜப்பானில் அகிரா யோஷினோ, உலோக லித்தியத்தை அறவே நீக்கிவிட்டு, எதிர்முனையில் கரிப்பொருளை வைத்தார். அதன் அடுக்குகளுக்குள் லித்தியம் அயனிகளாக வந்து தங்கும். பயன்படுத்துகையில் மீண்டும் கோபால்ட் பக்கம் போகும். ஊஞ்சல்போல் இங்குமங்கும் ஆடும் இந்தக் கலத்தை 1991-இல் சோனி நிறுவனம் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது போய்ச் சேர்ந்த இடம் வீடியோக் காமிரா. 1990-களின் நடுவில் மடிக்கணினி அதை ஏற்றது. மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது 97 வயதாகியிருந்த குட்எனஃபின் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் சொற்பொழிவை நிகழ்த்தியவர், மதுரையிலும் சென்னையிலும் பயின்ற ஆறுமுகம் மந்திரம். 1980-களில் குட்எனஃபோடு சேர்ந்து புதுவகை நேர்முனைப் பொருள்களைக் கண்ட தமிழர் அவர்.

ஆற்றல் மிகுந்த பொருள் அடைபட்டிருக்கும் இடத்தில் எச்சரிக்கையும் வேண்டும். 2006-ஆம் ஆண்டு ஒரே ஒரு நிறுவனம் மட்டும் தன் மடிக்கணினி மின்கலங்களில் 40 லட்சத்துக்கு மேற்பட்டவற்றைத் தீ அபாயம் கருதித் திரும்பப் பெற்றது. விசைப்பலகை மேடிட்டாலோ, மேசைமேல் வைத்த மடிக்கணினி ஒருபுறம் தூக்கி நின்றாலோ, உள்ளே கலம் உப்பியிருக்கிறது என்று பொருள். அதை அழுத்தி அடக்க முயல்வதும் குத்திப் பார்ப்பதும் ஆபத்து.

செலவான மின்சாரம் முடிவில் வெப்பமாகிறது. மையச் செயலகத்தின்மேல் தொடங்கி விசிறிவரை ஓடும் தட்டையான செப்புக் குழாயை உள்ளே காணலாம். திண்மமான செம்பு என்று தோன்றும், உண்மையில் உள்ளீடற்றது. காற்று நீக்கப்பட்ட அக்குழாய்க்குள் சில துளி நீர் இருக்கிறது. சூடான முனையில் நீர் ஆவியாகி, குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கே வெப்பத்தை விட்டுவிட்டு மறுபடி நீராகிறது. உட்சுவரிலுள்ள நுண்துளைப் பூச்சு, விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் அந்நீரைத் திரும்ப இழுத்து வருகிறது. 1963-இல் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் இதை உருவாக்கியது விண்வெளிக் கலங்களுக்காக. விசிறியின் வாயில் தூசி அடைத்துக்கொண்டால் இந்த ஏற்பாடு முழுவதும் வீண். மையச் செயலகம் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 'கணினி பழசாகிவிட்டது' என்று அலுத்துக்கொள்ளப்படும் பெட்டிகளில் சிலவற்றுக்கு வேண்டியது ஒரு தூரிகை.

தனித்தனியே வந்த இவ்வுறுப்புகள் நெடுங்காலம் தனித்தனியே கழற்றத்தக்கனவாகவே இருந்தன. 2008-இல் காகித உறைக்குள்ளிருந்து உருவிக் காட்டப்பட்ட ஆப்பிள் நிறுவனத்தின் மெல்லிய மடிக்கணினியில், ராம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. மின்கலத்தையும் உரியவரே எளிதில் மாற்ற இயலாது. பிற நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. இது வணிகத் தந்திரம் மட்டுமே என்று சொல்வோர் உளர். முழுதும் அப்படியன்று. மையச் செயலகத்துக்கும் ராமுக்கும் இடையிலுள்ள தூரம் குறையக் குறைய, குறைந்த மின்னழுத்தத்தில் விரைவாகச் செய்தி அனுப்பலாம். கைப்பேசிக்காக உருவாக்கப்பட்ட மின்சிக்கன ராம் மடிக்கணினிக்கு வந்ததும் இதனாலேயே. 2020-இல் வந்த சில்லுகளில் ராம் மையச் செயலகத்தின் உறைக்குள்ளேயே அமர்ந்துவிட்டது. மின்சிக்கனம் என்ற அதே வாசற்காவலன்தான் உறுப்புகளை ஒன்றோடொன்று பிணைத்தும் விட்டான்.

ஆனால் சேமிப்பகத்தையும் பலகையோடு பற்றவைப்பதற்கு இந்தக் காரணம் அவ்வளவாகப் பொருந்தாது. தனியே கழற்றத்தக்க சேமிப்பகமானால், பலகை எரிந்துபோன பின்பும் அதை எடுத்து வேறொரு கணிப்பொறியில் இணைத்து உள்ளிருப்பதை மீட்கலாம். பற்றவைத்ததானால், பலகையோடு திருமணப் படங்களும் போகின்றன. நாலாயிரம் ரூபாயில் முடியும் பழுதுக்கு நாற்பதாயிரம் ரூபாய்க் கணினியைக் கழிக்க வேண்டி வருவது நம்மைப் போன்ற நாட்டினருக்குச் சிறு செய்தியன்று. 2022-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதற்கெனத் தகவல் தளம் ஒன்றையும் தொடங்கியது. 2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய மின்கல விதி, சாதனங்களின் கலங்களைப் பயன்படுத்துவோரே கழற்றத்தக்கதாய் வைக்குமாறு பணிக்கிறது. அது நடைமுறைக்கு வரக் குறித்த காலம் 2027 பிப்ரவரி.

கடைக்குச் செல்லும் நேயர்கள், 'மெமரி எவ்வளவு?' என்று கேட்பதோடு, ராம் எவ்வளவு, சேமிப்பகம் எவ்வளவு, இவ்விரண்டில் எது கழற்றத்தக்கது, மின்கலம் திருகாணியால் பிணைத்ததா, பசையால் ஒட்டியதா என்று தனித்தனியே கேட்கலாம். விற்பவருக்கு விடை தெரியாவிட்டாலும், அந்நிறுவனத்தின் பராமரிப்புக் கையேட்டில் பெரும்பாலும் இருக்கும். பழைய பெட்டியைக் கழிப்போர், கொடுக்குமுன் சேமிப்பகத்திலுள்ளவற்றைப் பிரதி எடுத்துக்கொண்டு முறைப்படி அழித்துவிட வேண்டும். ராமைப் பற்றிக் கவலை வேண்டாம், அது முன்பே மறந்துவிட்டது.

ராம் என்றென்றைக்கும் பலகையோடு ஒட்டியே இருக்கும் என்றும் முடிவுகட்ட வேண்டியதில்லை. மின்சிக்கன ராமைச் சிறிய அட்டையில் வைத்துப் பலகையோடு படிய அழுத்தித் திருகாணியால் முடுக்கும் புதிய தர அமைப்பு 2023 டிசம்பரில் வெளியிடப்பட்டது. அவ்வட்டை கொண்ட மடிக்கணினிகள் 2024-இல் விற்பனைக்கு வந்தன.